முடிந்த வழக்குகள் கணக்கில் வராது

விசாரணை நீதிமன்றங்களில் வாதாடும் வழக்கறிஞர்களின் தரம் நாளுக்கு நாள் குறைந்துவருகிறது என்று ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், பிரியாணி சாப்பிட்ட கையோடு, ஆறு மூத்த வழக்கறிஞர்கள் ஒருமனதாகக் கவலைப்பட்டார்கள். கவலைப்பட்டதோடு விட்டார்களா? அந்தக் கவலையைச் சங்கமாகப் பதிவு செய்தார்கள், லெட்டர்ஹெட் அச்சடித்தார்கள், தலைவர், செயலாளர், பொருளாளர் என்று ஆளுக்கொரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். 'வடகடலோர விசாரணை வழக்கறிஞர் உயர்தரக் கழகம்' என்னும் மாபெரும் அமைப்பு இவ்விதமாக உதயமானது.

எந்தக் கோர்ட் என்று கேட்காதீர்கள். ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் நடுவில், கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற ரோட்டோரத்தில் எங்கேயோ ஒரு கோர்ட். பெயரைச் சொன்னால் நோட்டீஸ் வரும். நோட்டீஸ் வந்தால் வக்கீல் வைக்க வேண்டும். வக்கீல் வைத்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கதையே.

கழகத்துக்கு ஒரு சின்னம் உண்டு. பொன்னிற வட்டத்துக்குள் ஒரு மரச்சுத்தியல். நம் ஊரில் எந்த நீதிபதியும் சுத்தியல் தட்டி யாரும் பார்த்ததில்லை. பேனாவால் மேஜையைத் தட்டுவார்கள், ரொம்பக் கோபம் வந்தால் கேஸ் கட்டைத் தட்டுவார்கள், அவ்வளவுதான். ஆனால் சினிமாவில் தட்டுகிறார்களே, அது போதாதா? உறுப்பினர்கள் அந்தச் சுத்தியலை உலோகப் பின்னாகச் செய்து கறுப்புக் கோட்டில் குத்திக்கொண்டார்கள். இரண்டே மாதத்தில் அது பெரிய மோஸ்தராகிவிட்டது. பின் குத்திய படத்தை வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைக்காத உறுப்பினர் இல்லை. பின் இல்லாத வக்கீலைப் பார்த்து, "சார், நீங்க டைப்பிங்குக்கு உக்காந்திருக்கீங்களா?" என்று கட்சிக்காரர்கள் கேட்க ஆரம்பித்தார்கள்.

கோர்ட் நிர்வாகமும் அசந்துபோனது. தேங்கிக் கிடக்கும் வழக்குகளை முடிக்க 'விரைவு விசாரணைப் பட்டியல்' என்று ஒன்றைத் தயாரித்து, அந்தப் பட்டியலில் வாதாடத் தரமுள்ள வழக்கறிஞர்கள் மட்டுமே அனுமதிக்கப்படுவர், மேற்படி தரத்துக்குக் கழக உறுப்பினர் பதவியே சான்றாகக் கொள்ளப்படும் என்று ஒரு சுற்றறிக்கை விட்டது. மற்ற வழக்குகள் வழக்கம்போல நடக்குமாம். வழக்கம்போல என்றால் எப்படி என்று நான் விளக்க வேண்டியதில்லை, படிக்கிற உங்களில் பாதிப் பேர் அதில்தான் மாட்டிக்கொண்டிருப்பீர்கள்.

இந்தச் சுற்றறிக்கையால் இடி விழுந்தது வியாசர்பாடி ரமாபாய் தலையில். ரமாபாய்க்குப் பதினெட்டு வருஷத் தொழில். நல்ல மனுஷிதான், ஆனால் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எடுத்த வழக்கை முடித்துவிடுவாள். சாட்சி வந்தால் அன்றைக்கே நிறுத்தி விசாரிப்பாள். 'வாய்தா' என்ற வார்த்தை பதினெட்டு வருஷத்தில் கோர்ட்டில் அவள் வாயிலிருந்து வந்ததே கிடையாது. இப்படியே நூற்று அறுபத்து மூன்று விசாரணைகளை முடித்ததன் பலனாக, உட்கார ஒரு ரூம் கூட இல்லாமல், கோர்ட் வாசல் ஜெராக்ஸ் கடைப் பக்கத்தில் ஒரு மடக்கு மேஜையும், சாபிரா என்ற குமாஸ்தாவுமாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தாள். சாபிரா பழைய வண்ணாரப்பேட்டைக்காரி. வாய் கொஞ்சம் நீளம்.

ஜூன் மாதம் ஒரு நாள் அந்த மடக்கு மேஜைக்கு வியாகுலம்மாள் மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். இறால் உரிக்கிற கம்பெனியில் வேலை பார்ப்பவள். அவள் மகன் ஜெரால்டின் வழக்கைத்தான் ரமாபாய் நடத்திக்கொண்டிருந்தாள்.

ஜெரால்டுக்கு இருபத்தேழு வயது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு கன்டெய்னர் யார்டில் கிளீனராக இருந்தபோது அங்கே டீசல் காணாமல் போனது. டீசல் அங்கே வருஷம் முழுக்கத்தான் காணாமல் போய்க்கொண்டிருந்தது, அன்றைக்குத்தான் முதலாளி கேட்டார். யாரையாவது காட்ட வேண்டுமே, ஜெரால்டைக் காட்டினார்கள். அவனோ அந்த நேரத்தில் மாதா கோயில் திருவிழாவில் சப்பரத்துக்குத் தோள் கொடுத்துக்கொண்டிருந்தான். 'ஜெரால்ட் கேனோடு போனதை என் கண்ணால் பார்த்தேன்' என்று கையெழுத்துப் போட்டவர் யார்டு சூப்பர்வைசர் அறிவு. இப்போது தூத்துக்குடிக்கு மாற்றலாகிப் போய்விட்டார். போவதற்கு முன்னாலேயே கோர்ட்டுக்கு ஒரு தடவை வந்து அதையே அப்படியே ஒப்பித்தும் விட்டார். ரமாபாய் அவரைக் குறுக்கு விசாரணை செய்வதுதான் பாக்கி. அதற்காக இரண்டு தடவை ரயிலேறி வந்தார். முதல் தடவை கரண்ட் இல்லை, இரண்டாவது தடவை மாஜிஸ்ட்ரேட் இல்லை.

"வக்கீலம்மா, பையனுக்குக் கிரேன் ஓட்ற வேல கெட்ச்சிருக்கும்மா!" என்றாள் வியாகுலம்மாள். "டெஸ்ட்டெல்லாம் பாஸாயிட்டான். ஹார்பர் பாஸு மட்டும் எட்த்தாரச் சொல்றாங்கோ. கேஸு கீதுன்னா பாஸு குடுக்க மாட்டாங்களாம். ஆகஸ்ட் முப்பத்தொண்ணு வரிக்கும் எடத்த வெச்சிருப்பாங்களாம். அதுக்குள்ள எப்டியாச்சும் முட்ச்சுக் குட்த்துடும்மா, ஒனக்குப் புண்ணியமாப் போவும்."

"முடிச்சுடலாம்மா. அறிவு கூண்டுல ஏறட்டும், எனக்கு அரை மணி நேரம் போதும்."

"அரை மணி நேரம் போதும்தான்," என்றாள் சாபிரா, கட்டுக்கு நாடா கட்டிக்கொண்டே. "அந்த அரை மணி நேரம் கெடைக்கணும்னா விரைவுப் பட்டியல்ல பேரு வரணும். பேரு வரணும்னா கோட்ல சுத்தியலு குத்திகினு நிக்கணும். இல்லாங்காட்டி ரெண்டாயிரத்து முப்பதுலதான் நம்ம நம்பரு. இன்னா பண்ணப் போறே மேடம்?"

ரமாபாய்க்கு அந்தப் பின்னைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். ஆனால் வியாகுலம்மாளின் விரல்களைப் பார்த்தாள். இறால் ஓடு குத்திக் குத்தி வெந்து வெளுத்துப்போன விரல்கள். மறுபேச்சு இல்லாமல் விண்ணப்பம் வாங்கப் போனாள்.

கழக அலுவலகத்தில் ஏசி ஜில்லென்று இருந்தது. செயலாளர் ஜெயவேல் பதினான்கு பக்க விண்ணப்பத்தையும் மரியாதையாகப் புரட்டிப் பார்த்தார்.

"எல்லாம் சரியா இருக்கு மேடம். அனுபவம்ங்கிற கட்டம் மட்டும் காலியா இருக்கு."

"காலியா? நூத்தி அறுபத்து மூணு தீர்ப்பு நகல் வெச்சிருக்கேனே சார்!"

"அதெல்லாம் முடிஞ்ச வழக்காச்சே."

"ஆமா."

"முடிஞ்ச வழக்கு கணக்குல வராது மேடம். விதி ஏழு, உட்பிரிவு ஈ. விண்ணப்பதாரர் கையில் குறைந்தபட்சம் பத்தாண்டுகள் நடந்துவரும் வழக்கு ஒன்றாவது இருத்தல் வேண்டும். உங்க கையில இருக்கறதுல எது பழசு?"

"நாலு வருஷம். அதையும் முடிக்கத்தான் இங்க வந்திருக்கேன்."

ஜெயவேல் 'த்சொ' என்றார். உண்மையிலேயே வருத்தப்பட்டார், மனுஷனைக் குறை சொல்லக் கூடாது.

"ஒரு கேஸைப் பத்து வருஷம் இழுத்தா அது எப்படி சார் தரமாகும்?"

"இப்படி யோசிச்சுப் பாருங்க. ஒரு டாக்டர் இருக்கார். வந்தவங்களை ஒரே ஊசியில குணப்படுத்தி அனுப்பிடறார். இன்னொரு டாக்டர்கிட்ட ஒரே நோயாளி இருபது வருஷமா வந்துட்டிருக்கார். அந்த நோயாளியோட உடம்பு யாருக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கும்?"

"ரெண்டாவது டாக்டருக்கு," என்று சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

"அதுதான் மேடம் அனுபவம்," என்றார் ஜெயவேல். "நீங்க முதல் டாக்டர். உங்ககிட்ட வந்தவன் விடுதலையாகி வீட்டுக்குப் போயிடறான். அப்புறம் உங்ககிட்ட என்ன மிச்சம் இருக்கு?"

அது போதாதென்று, எதிர்த்தரப்பில் வாதாடிய மூன்று வழக்கறிஞர்களிடமிருந்து நற்சான்றும் வேண்டுமாம். 'இவரால் எனக்கு எவ்விதத் தொந்தரவும் ஏற்பட்டதில்லை' என்று அவர்கள் எழுதித் தர வேண்டும். ஒரு பழைய அரசு வக்கீல் பெருந்தன்மையாக, 'இந்த அம்மையாரிடம் நான் நாற்பது வழக்குகளில் தோற்றிருக்கிறேன், மகா திறமைசாலி' என்று எழுதிக் கொடுத்தார். தொந்தரவு ஏற்பட்டிருப்பது நிரூபணமானதால் அந்தச் சான்று நிராகரிக்கப்பட்டது. கடைசியில் ரமாபாய் தனக்கு எதிராக ஒரு தடவைகூட ஆஜராகாத மூன்று பேரைத் தேடிப் பிடித்தாள். அவர்கள் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்கள்.

நேர்காணல் ஜூலை ஏழாம் தேதி என்றார்கள். அன்றைக்குத் தலைவர் சுத்தியல் பின்னோடு போட்டோ எடுக்கப் போய்விட்டதால் பதினெட்டுக்குத் தள்ளிவைத்தார்கள். பதினெட்டாம் தேதி போதுமான ஆள் சேரவில்லை, கோரம் இல்லை. இருபத்தொன்பதாம் தேதி எல்லோரும் இருந்தார்கள், ஆனால் விண்ணப்பத்தைப் படிக்க அவகாசம் வேண்டும் என்று தேர்வுக் குழு தன்னிடமே மனு கொடுத்து, தானே அதை அனுமதித்துக்கொண்டது. வியாகுலம்மாள் ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்று, "இன்னாம்மா ஆச்சு?" என்றாள். ரமாபாய்க்குப் பதில் சொல்ல நாக்கு கூசியது. பதினெட்டு வருஷமாகக் கட்சிக்காரர்களிடம் தான் சொல்லாத ஒரே வார்த்தையை இப்போது தன் விஷயத்திலேயே சொல்ல வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் நாலாம் தேதி ஒருவழியாக நேர்காணல் நடந்தது. நடு நாற்காலியில் கழகத் தலைவர் அன்பரசன். முப்பத்தாறு வருஷ அனுபவம். பார்த்தாலே கும்பிடத் தோன்றும் முகம், வெண்தாடி, கறுப்புக் கோட்டில் மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் பெரிய சுத்தியல்.

"எதிர்த்தரப்பு சாட்சி பொய் சொல்றார். என்ன பண்ணுவீங்கம்மா?"

"கேள்வி கேட்டுப் பொய்யை வெளியில கொண்டு வருவேன் ஐயா."

குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவசரம்," என்றார் அன்பரசன். "வாய்தா வாங்கணும். சரி, சாட்சி உண்மை சொல்றார். அப்போ?"

"வாய்தாவா ஐயா?"

"இது அதைவிட அவசியமான கட்டம். ரெண்டு வாய்தா. சாட்சியே வரல?"

"அதுக்கும் வாய்தாதானா?"

"அன்னிக்குத்தாம்மா நாம விசாரணைக்குத் தயார்னு உரக்கச் சொல்லணும்!" என்றார் தலைவர். குழு முழுவதும் தலையசைத்து ரசித்தது.

ரமாபாய்க்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நான் சில கேள்விகள் கேக்கலாமா ஐயா?"

விதியில் தடை இல்லை என்று ஜெயவேல் பார்த்துச் சொன்னார்.

"நீங்க கடைசியா முடிச்ச விசாரணை எந்த வருஷம்?"

"முடிச்ச விசாரணையா?" அன்பரசன் கூச்சத்தோடு தாடியைத் தடவினார். "தொண்ணூத்தாறு."

"தீர்ப்பு வந்து முடிஞ்சதா?"

"இல்ல. குற்றம் சாட்டப்பட்டவர் காலமாயிட்டார்."

"அதுக்கு முந்தின வழக்கு?"

"அதுல சாட்சி காலமாயிட்டார்."

"அதுக்கும் முந்தி?"

"அதுல அந்தக் கோர்ட்டே போச்சும்மா. கட்டடத்தை இடிச்சுட்டாங்க."

"அப்போ முப்பத்தாறு வருஷத்துல நீங்க வாதாடி முடிச்ச வழக்கு ஒண்ணுகூட இல்லைன்னு சொல்றேன். சரியா?"

"சரி," என்றார் தலைவர் தெளிவாக.

தொலைந்தது, அத்தனையும் போச்சு என்று ரமாபாய் தன் காகிதக் கட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அப்போது அன்பரசன் கைதட்டினார். அவர் கண்ணில் தண்ணீர். குழு எழுந்து நின்று கைதட்டியது.

"குறுக்கு விசாரணைன்னா இப்படித்தான் இருக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன்," என்றார் பொருளாளர், குரல் தழுதழுக்க. "நேர்ல இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"சினிமால வர்றது மாதிரியே இருந்தது," என்றார் இன்னொருவர்.

விதி ஏழு உட்பிரிவு ஈ-யிலிருந்து சிறப்புத் தளர்வு வழங்கி ரமாபாயை உறுப்பினராகச் சேர்ப்பது என்று அங்கேயே தீர்மானமாயிற்று. 'கழகத் தீர்மானங்கள் அனைத்துக்கும் கட்டுப்படுவேன், மீறினால் அக்கணமே உறுப்பினர் தகுதியை இழப்பேன்' என்ற உறுதிமொழியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பின்னைக் கொடுத்தார்கள். ஜெரால்டின் வழக்கு விரைவுப் பட்டியலில் ஏறியது. ஆகஸ்ட் இருபத்தொன்று, வெள்ளிக்கிழமை, காலை பத்தரை மணி.

அன்றைக்கு எல்லாம் கூடி வந்தது. கரண்ட் இருந்தது. மாஜிஸ்ட்ரேட் இருந்தார். தூத்துக்குடியிலிருந்து அறிவு மூன்றாவது தடவையாக வந்து, கசங்கிய சட்டையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஜெரால்ட் தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தான். கேள்விகளை ஒரு தாளில் எழுதி மடித்து வைத்துக்கொண்டு ரமாபாய் படியேறினாள். வாசலில் பேண்டு வாத்தியம் முழங்கியது.

யாருக்குக் கல்யாணம் என்று திரும்பிப் பார்த்தால், ரமாபாயின் முகம் பன்னிரண்டு அடி உயர பேனரில் சிரித்துக்கொண்டிருந்தது. அன்பரசன் மேடையில் சால்வையோடு நின்றார். ஜெயவேல் மைக்கில் தீர்மானத்தை வாசித்தார்:

"விசாரணைத் திறனுக்கு இலக்கணமாகத் திகழும் சகோதரி ரமாபாய் அவர்கள் நமது கழகத்தில் இணைந்துள்ளதைப் போற்றும் வகையில், இன்று ஒரு நாள் உறுப்பினர்கள் அனைவரும் விசாரணைப் பணிகள் எதிலும் கலந்துகொள்ளாமல் விலகியிருப்பது என ஏகமனதாகத் தீர்மானிக்கப்படுகிறது."

"ஐயா, ஐயா!" ரமாபாய் மேடை மேலே ஓடினாள். "இன்னிக்கு எனக்குக் கேஸ் இருக்கு. இன்னிக்கு விட்டா அந்தப் பையனுக்கு வேலை போயிடும்!"

"உங்க மரியாதைக்காகத்தாம்மா இதெல்லாம்," என்று சால்வையைப் போர்த்தினார் அன்பரசன். "சாதாரண ஆளுக்கு அரை நாள்தான். உங்களுக்கு முழு நாள்."

சால்வையோடு அப்படியே கோர்ட்டுக்குள் ஓடினாள். அரசு வக்கீலும் கழக உறுப்பினர்தான். அவர் வெளியே கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உள்ளே மாஜிஸ்ட்ரேட்டும் பெஞ்ச் கிளார்க்கும் சாட்சியும் ஜெரால்டும் வியாகுலம்மாளும் மட்டும் இருந்தார்கள்.

"ஐயா, நான் விசாரிக்கத் தயார்," என்றாள் ரமாபாய்.

மாஜிஸ்ட்ரேட் அவள் கோட்டைப் பார்த்தார். "கழக உறுப்பினர்கள் இன்னைக்கு விசாரணை நடத்தக் கூடாதாமே. நீங்க உறுப்பினர்தானே?"

ரமாபாய் பின்னைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "இப்போ இல்லைங்கய்யா."

"உறுப்பினர் இல்லைன்னா விரைவுப் பட்டியல்ல உங்களுக்கு அனுமதி இல்லையேம்மா."

பின்னை எடுத்துத் திரும்பவும் குத்திக்கொண்டாள்.

"இப்போ அனுமதி உண்டு. ஆனா பேசக் கூடாது," என்றார் மாஜிஸ்ட்ரேட். கேலியாகச் சொல்லவில்லை, சுற்றறிக்கையைப் பார்த்துத்தான் சொன்னார்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அறிவுக்குப் பொறுமை போய்விட்டது. தடாலென்று எழுந்து கூண்டில் ஏறினார். "அய்யா, எனக்கு வீட்ல சொந்தபந்தம் வேலைவெட்டி எல்லாம் இருக்கு. மூணு வாட்டி வந்துட்டேன். நானே சொல்லிடறேன். இந்தப் பையனை நான் பாக்கவே இல்லை. மேனேஜர் எழுதி வெச்சிருந்த பேப்பர்ல கையெழுத்துப் போட்டேன். போடலைன்னா என் வேலை போயிடும்னாங்க. இதுதான் நடந்தது. என்னை விட்டுடுங்க!"

"மாதாவே!" என்று வியாகுலம்மாள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். ஜெரால்ட் அழுதுவிட்டான்.

"சொன்னது என் காதுல விழுந்தது," என்றார் மாஜிஸ்ட்ரேட். பேனாவை எடுத்தார், திரும்ப வைத்தார். "ஆனா இது யார் கேட்ட கேள்விக்குப் பதில்?"

மாஜிஸ்ட்ரேட் கேஸ் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"கேள்வி இல்லாம பதிலைப் பதிவு பண்ண முடியாது."

"நீங்களே கேக்கலாம் ஐயா! சட்டத்துல இடம் இருக்கு!"

"இருக்கும்மா. ஆனா புறக்கணிப்பு நாள்ல நானே விசாரணை நடத்தினா அடுத்த பதினைஞ்சு நாள் என் கோர்ட்டைப் புறக்கணிப்பாங்க. அந்தப் பதினைஞ்சு நாள்ல வர்ற முந்நூறு வழக்குக்கு யார் பதில் சொல்றது?" அவர் குரலைத் தாழ்த்தினார். "நீங்க எதுவும் கேக்கலைன்னா 'குறுக்கு விசாரணை இல்லை'ன்னு எழுதி முடிக்க வேண்டியிருக்கும். அப்போ அவர் முன்னே சொன்ன பொய்தான் நிக்கும். ஒண்ணே ஒண்ணு மட்டும் நீங்க கேக்கலாம். அதை வேலைன்னு கழகம் கணக்குல எடுத்துக்கறதில்ல."

ரமாபாய் ஜெரால்டைப் பார்த்தாள். வியாகுலம்மாளைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த வார்த்தையைக் கோர்ட்டில் சொன்னாள்.

"வாய்தா வேணும் ஐயா."

டிசம்பர் பதினெட்டு என்று எழுதினார்கள்.

வெளியே வியாகுலம்மாள் அவள் சால்வையைப் பிடித்து உலுக்கிவிட்டாள். "உன்ன நம்பித்தானேம்மா வந்தேன்! நீயும் அவுங்க மாரியே ஆயிட்டியா? எம்புள்ள வேலய அப்டியே முழுங்கிட்டீங்களே எல்லாரும் சேர்ந்து! வெளங்குவீங்களா?" ரமாபாய் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் போய் நின்று அழுதாள். கிரேன் வேலை வேறு ஒருவனுக்குப் போயிற்று.

ஆனால் அந்த பேனர் நல்ல வேலை செய்தது. அடுத்த வாரத்திலிருந்து மடக்கு மேஜை முன்னால் கூட்டம். நூற்று அறுபத்து மூன்று வழக்குகளை முடித்தபோது எட்டிப் பார்க்காத ஜனங்கள், வாய்தா வாங்கிய பிறகு 'பெரிய வக்கீலம்மா' என்று தேடி வந்தார்கள். "இத்தினி நாளு நம்ம தொழிலு தெரியாம பேஜாராய்க் கெடந்திருக்கோம் மேடம்," என்றாள் சாபிரா. ரமாபாய் யார் முகத்தையும் பார்க்காமல் கட்டுகளை வாங்கி வைத்தாள். டிசம்பர் பதினெட்டு ஒன்றுதான் அவள் மனசில் இருந்தது. கிரேன் இல்லாவிட்டால் என்ன, பாஸ் கிடைத்தால் ஹார்பரில் வேறு வேலை கிடைக்காதா?

டிசம்பர் பதினெட்டும் வந்தது. புறக்கணிப்பு இல்லை. அரசு வக்கீல் உள்ளேயே இருந்தார். அறிவு நாலாவது தடவையாக வந்து கூண்டுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். கேள்வித்தாளோடு படியேறிய ரமாபாயின் கையை வியாகுலம்மாள் பிடித்து ஓரமாக இழுத்துப்போனாள். புதுப் புடவை கட்டியிருந்தாள். விரல்கள் ஆறியிருந்தன.

"வக்கீலம்மா, அன்னிக்கி எதோ ஆத்திரத்துல பேசிட்டேன், மனசுல வெச்சிக்காதம்மா."

"அதை விடுங்கம்மா. இன்னிக்கு முடிச்சுடறேன்."

"அய்யய்யோ, அதான் வேணாம்னு சொல்ல வந்தேன்!"

ரமாபாய்க்கு ஒன்றும் புரியவில்லை. ஜெரால்ட் முன்னால் வந்தான். நீலச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை.

"கழகத்துல ஆபீஸ் அசிஸ்டென்ட்டா போட்டுக்கீறாங்கக்கா. மூணு மாசம் ஆவுது. தலைவரு ஸாருக்கு நம்ம விசயம் தெரிஞ்சு ரொம்ப மனசு கஸ்டமாப் பூட்ச்சாம். ஏசில குந்திகினு வேல. வெயிலு கெடயாது, கிரேனு மேல ஏர்ற பயம் கெடயாது."

"நல்லதுதானேப்பா. அதுக்கும் கேஸுக்கும் என்ன சம்பந்தம்?"

அவன் பணி ஆணையைக் காட்டினான். 'வழக்கு நிலுவையால் வாழ்விழந்தோர் மறுவாழ்வுத் திட்டத்தின்கீழ் இப்பணி வழங்கப்படுகிறது. பயனாளியின் வழக்கு நிலுவையில் உள்ளவரை அல்லது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது நிறையும்வரை, இவற்றில் எது முந்தியதோ அதுவரை பணி நீடிக்கும்.'

"கேஸு முட்ஞ்சா வேல பூடும்மா," என்றாள் வியாகுலம்மாள். "பொண்ணு பாத்துகினு கீறோம். பொண்ணு வூட்ல மொதக் கேள்வியே, கேஸு எத்தினி வருசம் ஓடும்னுதான் கேக்கறாங்கோ. ஒரே ஒரு வாய்தா வாங்கிக் குட்த்துடும்மா."

"அந்த மனுஷன் நாலாவது தடவை வந்து உண்மையைச் சொல்றேன்னு நிக்கறாரும்மா!" ரமாபாய் கத்தியே விட்டாள். "உன் பிள்ளை திருடன் இல்லைன்னு இன்னிக்கு ஊரறிய எழுதிக் குடுப்பாங்க. அது வேண்டாமா உனக்கு?"

வியாகுலம்மாள் தலை குனிந்தாள். "அவன் திருடன் இல்லைன்னு எனக்குத் தெரியும்மா. எழுதிக் குட்த்து இன்னா ஆவப் போவுது?"

"நான் வாய்தா கேக்க மாட்டேன்."

"நீங்க அப்டித்தான் சொல்லுவீங்கன்னு தெரியும்க்கா," என்றான் ஜெரால்ட். அவனுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. பையிலிருந்து ஒரு வக்காலத்துப் படிவத்தை எடுத்து நீட்டினான். "தப்பா நெனைக்காதீங்க. தலைவரு ஸாரே கேஸை எட்த்துக்கறேன்னாரு. ஆட்சேபணை இல்லைன்னு ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க."

கட்சிக்காரன் வக்கீலை மாற்றக் கேட்டால் மறுக்கிற வழக்கம் எந்த வக்கீலுக்கும் கிடையாது. ரமாபாய் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். கேள்வித்தாளைக் கட்டோடு சேர்த்துக் கொடுத்தாள். ஜெரால்ட் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

உள்ளே வழக்கு எண்ணைக் கூப்பிட்டார்கள். ரமாபாய் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அன்பரசன் கம்பீரமாக எழுந்து, தான் இன்றுதான் இவ்வழக்கில் ஆஜராவதாகவும், கட்டைப் படித்துத் தயாராக அவகாசம் வேண்டுமென்றும் பணிவோடு கேட்டுக்கொண்டார். அரசு வக்கீல் ஆட்சேபணை இல்லை என்றார். அறிவு ஏதோ சொல்ல வாயெடுத்தார். கேள்வி கேட்காமல் பேசக் கூடாது என்று பெஞ்ச் கிளார்க் அவரை அடக்கிவிட்டார்.

"எவ்வளவு அவகாசம் வேணும்?" என்று கேட்டார் மாஜிஸ்ட்ரேட்.

அன்பரசன் ஜெரால்டின் பக்கம் குனிந்து, எவ்வளவு கேட்கட்டும் என்றார்.

"ஒங்களுக்கு எவ்ளோ தோதோ அவ்ளோ கேளுங்க ஸார்," என்றான் ஜெரால்ட். "எனக்கு இன்னும் முப்பத்தோரு வருசம் சர்வீஸ் கீது."